ஹில்டேக்கு ஊட்டிய கசப்பு உருண்டை

கன்று போடப்போகும் மாட்டைப் பார்க்கிற தொழிலில், எல்லாம் நல்லபடி நடந்தால் தூள் விற்றவனுக்குப் பெயர். பிழையாகப் போனால் வாளி தூக்கினவனுக்குப் பெயர்.

நான் வாளி தூக்குகிறவன். ஜெர்மனியில் எங்கள் இலங்கைச் சனம் ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போகிற சின்ன ஒழுங்கை ஒன்றின் ஓரத்தில், பெர்ன்ட் என்ற ஜெர்மன்காரரின் பால்பண்ணையில் கனகாலமாக வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் ஞாபகசக்தி படிப்புக்கு உதவவில்லை. யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதை வைத்திருக்க மட்டும் நன்றாக உதவுகிறது. முதலாளிக்கும் மாட்டுக்கும் நடுவில் நசிபடுகிறவர்களும், ஒருவரோடு கதைக்காமல் விட்டுவிட்டுத் திரும்ப எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிறவர்களும் இதை வாசிக்கலாம். நீங்கள் தனியாக இல்லை.

சாம்பல் நிறத் தூள்

ஹில்டே எங்கள் பண்ணையில் வயதான மாடு. கறுப்பும் வெள்ளையும். ஒரு காது நுனி கிழிந்திருக்கும். போன முறை கன்று போட்ட பிறகு விழுந்துவிட்டாள். பால் சுரக்கத் தொடங்கியதும் இரத்தத்தில் இருக்கிற கல்சியம் முழுக்க மடிக்கு இறங்கிவிடும். கால் மடங்கிவிடும். இங்கே அதைப் பால்காய்ச்சல் என்கிறார்கள். காய்ச்சல் ஒன்றும் இல்லை, மாட்டின் காது பச்சைத் தண்ணீராகக் குளிரும். டொக்டர் வந்து நரம்பில் மருந்து ஏற்றும்வரை அவள் ஒருபக்கம் சரிந்துவிடாமல் நான் என் முதுகைக் கொடுத்து முண்டுகொடுத்துக்கொண்டு இருந்தேன். அவள் எழும்பினாள். பெர்ன்ட் டொக்டருக்குக் கை கொடுத்தார். என் முதுகைப் பற்றி இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை.

இந்த முறை பெர்ன்ட் ஒரு தூள் வாங்கிவந்தார். கன்று போடுவதற்கு முந்திய கடைசிக் கிழமைகளில் தீனியோடு கலந்து கொடுக்க வேண்டும். அதில் இருக்கிற உப்பு, எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்க உடம்பைப் பழக்குமாம். கூடவே விற்றமினும் தாதுச்சத்தும் இருப்பதால் முதல்பால் தடிப்பாக வருமாம். கன்று பிறக்கும்போது அதன் உடம்பில் நோயைத் தாங்குகிற சக்தி இல்லை. அது முழுக்க அந்த முதல்பாலில்தான் வருகிறது. ஊரில் நாங்கள் கடும்பு காய்ச்சித் தின்ற அதே பால்தான். தமிழ்நாட்டுக்காரர் சீம்பால் என்பார்கள்.

வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வாய்க்கு ருசியானதைக் கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். இந்தத் தூளை நான் நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் கசப்பு, பிறகு உப்பு, கடைசியில் துருப்பிடித்த ஆணி. ஹில்டே தொட்டிக்குள் மூக்கை வைத்தாள், எடுத்தாள், இது உன்னுடைய வேலையா என்பதுபோல என்னைப் பார்த்தாள். "இவள் தின்னமாட்டாள்" என்று பெர்ன்டிடம் சொன்னேன். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, ஹில்டேயைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ராசா, இந்த முறையும் அவள் விழுந்தால் டொக்டர் வருவார்தான். ஆனால் ஏத்துற மருந்து வேறையாய் இருக்கும். எப்பிடியாவது தின்னப் பண்ணு."

தொப்பி

அந்தத் தூளைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒரு விற்பனையாளர். சிவந்த முகம், காலில் சுத்தமான சப்பாத்து. முன்பு ஒருமுறை பண்ணையில் இருந்த எல்லாருக்கும் தன் கொம்பனிப் பெயர் போட்ட தொப்பி கொடுத்தவர், என் முறை வந்தபோது பெட்டி முடிந்துவிட்டது என்றார். பெட்டிக்குள் இரண்டு கிடந்ததை நான் கண்டேன். எனக்குத் தொப்பி தேவையில்லை. ஆனால் கண்டேன்.

இந்த முறை அவர் வந்து, மாடுகள் இந்தத் தூளை மிகவும் விரும்பித் தின்னும் என்று பெர்ன்டுக்குச் சொல்லிக்கொண்டு நின்றார். ஹில்டே அவருக்குப் பின்னால் தொட்டியில் இருந்த வைக்கோலை ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்துத் தின்று, தூள் ஒட்டினதை எல்லாம் நாக்கால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கரண்டியில் தூளை எடுத்து, மரியாதையாக, இரண்டு கையாலும் அவருக்கு நீட்டினேன். பெர்ன்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். விற்பனையாளர் ஒரு அடி பின்னால் போனார்.

"எனக்கெதுக்கு? நான் என்ன கன்று போடவோ போறன்?"

புளித்த கோசலம்

தூள் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மாட்டின் மூத்திரத்தைப் பிடித்து, அதில் ஒரு சோதனைக் கடதாசித் துண்டைத் தோய்க்க வேண்டும். பச்சையாக இருந்தால் தூள் உள்ளே போகவில்லை. மஞ்சளானால் மூத்திரம் புளித்திருக்கிறது, தூள் வேலை செய்கிறது. அதைப் பிடிப்பது என் வேலை. மாட்டின் வாலுக்குக் கீழே விரலால் மெல்லத் தடவிக்கொண்டு கோப்பையோடு காத்திருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளிடம் சொல்லக்கூடிய உத்தியோகம் இல்லை.

அப்படி நான் கோப்பையோடு நின்ற ஒருநாள், ஒழுங்கையில் ஒரு கார் நின்றது. தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்று இறங்கியது. டோர்ட்மண்டில் கம்ப்யூட்டர் வேலையாம். வேலிக்கு வெளியே நின்று, கோயிலில் நிற்பதுபோல இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு கேட்டது:

"அங்கிள், நீங்க பிடிக்கிறது கோமியம்தானே? சண்டே எங்க புது வீட்டுல ஹவுஸ் வார்மிங். அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, கோமியம் இல்லாம கிரகப்பிரவேசமான்னு ஒரே சண்டை. ஒரு பாட்டில் கிடைக்குமா?"

நாங்கள் கோசலம் என்பதைத்தான் அந்தப் பிள்ளை கோமியம் என்றது. "தம்பி, இந்த மாட்டின்ரை வேண்டாம். இவவுக்கு மருந்துத் தூள் குடுக்கிறம். மற்றப் பக்கத்து மாட்டிலை பிடிச்சுத் தாறன்" என்றேன். பிள்ளை கண்கலங்காத குறை. தண்ணீர்ப் போத்தலைக் கழுவி நிறைத்துக் கொடுத்தேன். அது போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறுவதை பெர்ன்ட் கண்டுவிட்டார். அந்தப் பெடியன் எதற்குக் கொண்டு போகிறான் என்று கேட்டார். நான் விளக்க நினைத்தேன். என்னிடம் இருக்கிற ஜெர்மன் பாஷையில் அந்த அளவுக்குப் புனிதம் இல்லை. அந்தப் பெடியனுக்கு மாடு இல்லை என்று மட்டும் சொன்னேன். பெர்ன்ட் போகிற காரைப் பார்த்தார்.

"மாடில்லாத ஆள் அப்ப எதைத்தான் சோதிக்கப் போறார்?"

வாழைப்பழம்

என்ன செய்தும் ஹில்டேயின் கடதாசி பச்சையாகவே வந்தது. தொட்டியில் தூள் அப்படியே கிடந்தது. அவள் பசியோடும் இல்லை. மாட்டுக்குப் பசி இல்லையென்றால் வேறு எதையோ தின்றிருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் பின்னேரம் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒழுங்கைப் பக்கம் ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கி வேலியடிக்கு வந்தாள். ஹில்டே ஓடாத குறையாகப் போனாள். பையிலிருந்து வாழைப்பழம், கீரை, பிறகும் வாழைப்பழம். அது தர்மலிங்கத்தின் மனிசி புஷ்பம். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தது தர்மலிங்கம், எனக்குத் தர்மர்.

தர்மரையும் என்னையும் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறை, ஒரே சட்டி. அவனுடைய மகள் துஷி நடக்கப் பழகினது என் விரலைப் பிடித்து. அவளுக்குக் கலியாணம் வந்தபோது எங்கள் ஆட்கள் செய்கிறபடி வீட்டுக்கு வந்து வாயால் சொல்லுவான் என்று நான் புது வேட்டியும் எடுத்து வைத்திருந்தேன். அவன் வட்ஸ்அப்பில் கார்ட் அனுப்பினான். அதுவும் வேறு யாருக்கோ அனுப்பினதைத் திருப்பி அனுப்பினது, மேலே அம்புக்குறி இருந்தது. நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவர்களோடு கதைக்கவும் இல்லை.

கதைக்காதவளிடம் எப்படிச் சொல்வது? சாடையாகத்தான். நான் வேலியடிக்குப் போய் ஹில்டேயின் கழுத்தில் தட்டிச் சொன்னேன்:

"ஹில்டே, கண்ட ஆக்கள் குடுக்கிறதை எல்லாம் வாங்கித் தின்னாதை."

புஷ்பமும் என்னைப் பார்க்கவில்லை. மாட்டைத்தான் பார்த்தாள். "பிள்ளை, வயித்திலை பிள்ளையோடை இருக்கிற உனக்கு வெறும் வைக்கலைப் போடுகினம். அதை ஒருத்தரும் கேக்கினமில்லை. நான் ஒரு பழம் தந்தாப் பாவமோ?"

"ஹில்டே, உனக்கு என்ன போடவேணுமெண்டு முதலாளிக்குத் தெரியும். வேலியடியிலை நிக்கிற ஆக்கள் நியாயம் கதைக்கத் தேவையில்லை."

"பிள்ளை, உன்னைப் பாக்கிறவருக்கு மாடு பாக்கத் தெரியும், கலியாண வீட்டுக்கு வரத்தான் தெரியாது."

"ஹில்டே, வட்ஸ்அப்பிலை கூப்பிட்டால் மாடுகூடப் போகாதெண்டு சொல்லு."

ஹில்டே இரண்டு பக்கமும் காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு, கடைசிப் பழத்தைத் தோலோடு விழுங்கினாள். புஷ்பம் வெறும் பையை மடித்தாள்.

"மாடு ஆர் எப்பிடிக் கூப்பிட்டதெண்டு பாக்காது, பிள்ளை. பசிச்சால் வரும்."

நேர்த்தி

அடுத்தநாள் பெர்ன்ட் வைக்கோலுக்குள் ஒரு வாழைப்பழத் தோலைக் கண்டார். அவர் கத்துகிறவர் இல்லை. தோலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: வாழைப்பழத்தில் இருக்கிற உப்பு, தூளில் இருக்கிற உப்புக்கு நேர் எதிரியாம். ஒன்று தள்ளுகிறதை மற்றது இழுக்குமாம். வேலியடிக்கு வருகிற பெண்ணைப் பற்றி நான் சொன்னதும், அவளோடு தானே கதைக்கிறேன் என்றார். பெர்ன்ட் கதைத்தால் புஷ்பம் அந்த ஒழுங்கைக்கே இனி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அது எனக்கு ஏன் பிரச்சினையாக இருந்தது என்று தெரியவில்லை. "நான் சொல்லுறன்" என்றேன்.

அன்று அவள் வந்ததும் வழக்கம்போல மாட்டுக்குத்தான் சொன்னேன். "ஹில்டே, போன முறை நீ விழுந்தனியெல்லே. இந்த முறையும் விழுந்தால் உன்னை ஊசி போட்டுக் கொல்லுவினம். வாழைப்பழம் தின்றால் விழுவாய்." புஷ்பத்தின் கை பாதியில் நின்றது. பழம் வேலிக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பிறகு அவளும் மாட்டுக்குத்தான் சொன்னாள். "பிள்ளை, எங்கடை துஷிக்கு ரெண்டு தரம் வயித்திலை தங்காமல் போட்டுது. இது மூண்டாவது. வயித்துப்பிள்ளை மாடொண்டுக்கு, அவளுக்குப் பிறக்குமட்டும் நாள் தவறாமல் தீன் குடுக்கிறனெண்டு அம்மனுக்கு நேந்துபோட்டன். நிப்பாட்ட எனக்குப் பயமாக் கிடக்கு." சொல்லிவிட்டு ஹில்டேயின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து அழுதாள்.

எனக்குத் துஷியின் சின்ன விரல் ஞாபகம் வந்தது. "புஷ்பம், அழாதை" என்றேன். வாய் முந்திவிட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, கண்ணைத் துடைத்தாள்.

"என்ரை பேரைச் சொல்லிப்போட்டியள், ராசண்ணை. இனிச் சாடையிலை கதைக்கேலாது."

குழையல்

வழியைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, பெர்ன்டும் இல்லை. புஷ்பம்தான். தீன் கொடுப்பதாகத்தான் நேர்ந்தவள், என்ன தீன் என்று அம்மனுக்குச் சொல்லவில்லையாம். அப்படியானால் அந்தத் தூளையே தன் கையால் கொடுக்கிறேன் என்றாள். அவளுக்குப் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை. வேலை முடிந்து தர்மர் காரில் கூட்டிப்போகிற வழியில் தினமும் இறங்குவாள். ஒரு பேசினில் பார்லி மா, சுடுதண்ணீர், அன்றைய அளவுத் தூள். இனிப்புக்குப் பனங்கட்டி போடலாமா என்று பெர்ன்டிடம் கேட்கச் சொன்னாள். அது என்னவென்று விளக்க முடியாமல் சீனியில் முடித்தோம், சீனி பரவாயில்லை என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் குழையல் சோறு குழைப்பதுபோலக் குழைத்து, உருண்டை உருண்டையாக உருட்டினாள்.

முதல் உருண்டையை ஹில்டே துப்பினாள். புஷ்பம் அதைத் துடைத்துத் திரும்ப வாய்க்குள் வைத்தாள். "துப்பக்கூடாது. துப்பினால் பூச்சாண்டி வருவான். இந்தா, இது அம்மாவுக்கு. இது அப்பாவுக்கு. இது ராசா மாமாவுக்கு." ஹில்டேயின் நாக்கு முழங்கைவரை சுற்றியது. புஷ்பம் கையை எடுக்கவில்லை. துஷிக்குச் சோறு ஊட்டும்போதும் அவள் இப்படித்தான், வாயைத் திறக்காத பிள்ளைக்கு முன்னால் தன் வாயைத் திறந்துகொண்டு இருப்பாள். இப்போதும் திறந்துகொண்டுதான் இருந்தாள். பேசின் காலியானது. காருக்குள் இருந்தவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை, நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே அவன் மெலிந்துபோயிருக்கிறான் என்று கண்டேன்.

பெர்ன்ட் கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

"ராசா, இவவுக்குச் சகோதரிகள் இருக்கினமோ? என்னட்டை இன்னும் மாடுகள் இருக்கு."

மஞ்சள்

சில நாளில் கடதாசி பச்சையை விட்டு மஞ்சளுக்கு வந்தது. நான் அதைக் காற்றில் ஆட்டிக் காயவைத்துக்கொண்டு வேலியடிக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடக்கூடாது, சாணத்தில் ஓடவே கூடாது. புஷ்பம் கடதாசியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நல்ல மஞ்சள் என்றாள். கைப்பையைத் திறந்து கடதாசியைப் பத்திரமாக உள்ளே வைக்கப்போனாள், சாமிப்படத்தடியில் வைக்கவாம். அது எதில் தோய்த்தது என்று தெரியுமா என்று கேட்டேன்.

"கோசலம்தானே அண்ணை. வீடெல்லாம் தெளிக்கிறம், படத்தடியிலை வைச்சால் என்ன?"

பேசின்

ஹில்டேயின் வாலடி தளர்ந்து மடி இறுகிவந்த ஒரு பின்னேரம். நாளை மறுநாளுக்குள் போடுவாள் என்று நினைத்தேன். புஷ்பம் பாதி உருண்டை ஊட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. பேசினவர் மருமகன். துஷிக்கு நாளுக்கு முந்தியே வலி வந்துவிட்டது, பீலெஃபெல்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புஷ்பத்தின் கை முழுக்க மா. தர்மருக்கும் சேதி போயிருக்க வேண்டும், ஒழுங்கையில் ஹோர்ன் அடித்தான், நிறுத்தாமல் அடித்தான். அவள் போகவும் இல்லை, ஊட்டவும் இல்லை. பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதை முடிக்காமல் போனால் நேர்த்தி குறைந்துவிடும் என்று அவள் சொல்லவில்லை. முகத்தில் எழுதியிருந்தது.

"குடு இஞ்சை" என்று பேசினை வாங்கினேன். "குழைச்சது உன்ரை கையெல்லோ. அம்மன் அதைத்தான் பாப்பா. மிச்சத்தை நான் ஊட்டுறன், நீ பிள்ளையைப் போய்ப் பார்." அவள் கையைத் துடைக்காமலே ஓடினாள். கார் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினாள்.

"ராசண்ணை, அவள் கன்று போட்டு எழும்பி நிண்ட உடனை எனக்குப் போன் அடியுங்கோ. எந்த நேரமெண்டாலும் அடியுங்கோ."

தேக்கரண்டி

அடுத்தநாள் மதிய வெயிலில் ஹில்டே கன்று போட்டாள். பெண் கன்று. பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை, நானும் பெர்ன்டும் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்தோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் கஷ்டம். அவள் படுத்தபடியே கன்றை நக்கினாள். எழும்பவில்லை. பெர்ன்ட் மணிக்கூட்டைப் பார்க்காதவர்போலப் பார்த்தார். நான் அவளுடைய காதைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தேன், என் கைச் சூடா அவளுடைய சூடா என்று சந்தேகம். முதுகைக் கொடுக்கலாம் என்று போய்ப் பக்கத்தில் குந்தினேன். அவளுக்கு நான் இடைஞ்சலாக இருந்தேனோ என்னவோ, பின்னங்காலை ஊன்றி, பிறகு முன்னங்காலை ஊன்றி, என்னைத் தள்ளிவிட்டு எழும்பி நின்றாள். நான் சாணத்தில் இருந்தபடி அவளை அண்ணாந்து பார்த்தேன்.

முதல்பாலைக் கறந்தோம். கிழங்குக் கஞ்சிபோலத் தடிப்பு, மஞ்சள் கருவின் நிறம். பெர்ன்ட் ஒரு துளியை, பாலின் சத்தைக் காட்டுகிற கண்ணாடிக் குழலில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். குழலை என்னிடம் தந்தார். நான் பார்த்தேன். கோடு எங்கே நிற்க வேண்டுமோ அதற்கும் மேலே நின்றது. கன்று போத்தலை முட்டி முட்டிக் குடித்தது. நான் வெளியே வந்து புஷ்பத்துக்குப் போன் அடித்து, எழும்பிட்டாள் என்று சொன்னேன். அவளும் ஒன்று சொன்னாள். இங்கேயும் பிறந்துவிட்டது, பெண்பிள்ளை, சின்னது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூச்சு நன்றாக இருக்கிறதாம். துஷிக்கு ஒரு தேக்கரண்டி பால்தான் வந்ததாம். அதை ஊசிக் குழாயில் எடுத்துப் பிள்ளையின் வாயில் துளித்துளியாக விடுகிறார்களாம். ஒரு தேக்கரண்டி எப்படி அண்ணை போதும் என்று கேட்டாள். எனக்கு ஆஸ்பத்திரியைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்த ஒன்றைக் கேட்டேன். பால் என்ன நிறம் என்று.

"மஞ்சள், ராசண்ணை. நல்ல மஞ்சள்."

பெயர் யாருக்கு

ஹில்டே எழும்பினதும் எல்லாரும் எழும்பினார்கள். விற்பனையாளர் வந்து, தூளின் சக்தியைப் பார்த்தீர்களா, பால் எவ்வளவு தடிப்பு என்றார். கேட்காமலே எனக்கு ஒரு தொப்பியும் தந்தார். வாங்கிக் கன்றுக்கூட்டின் கொளுக்கியில் கொழுவினேன். அங்கேயே இருக்கிறது. புஷ்பம் போனில் அம்மன்தான் என்றாள். உருண்டைதான் என்று நான் நினைத்தேன், ஆனால் சொல்லவில்லை. இதையெல்லாம் முடித்துவைக்கிற பொறுப்பு பெர்ன்டுடையது. அவர் ஹில்டேயின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அவள் எழும்பினது தூளாலை இருக்கலாம். பால் தடிச்சதுக்கு அவளின்ரை வயசே போதும், கிழட்டு மாட்டின்ரை முதல்பால் எப்பவும் நல்லாத்தான் இருக்கும். ஆனால் ராசா, அந்த அம்மாவை நாளைக்கும் வரச்சொல்லு."

வாயால் சொன்னது

கன்று குடித்து, அவசரத்துக்கென்று பெர்ன்ட் எடுத்துவைத்ததும் போக, ஒரு போத்தல் கடும்புப் பால் எனக்குக் கிடைத்தது. காய்ச்சித் தின்னலாம் என்றுதான் கொண்டுபோனேன். தனி ஆளாகக் கடும்பு காய்ச்சுவதில் ஒரு விசர்த்தனம் இருக்கிறது, அது நாலு வீட்டுக்குக் கொடுக்கிற பொருள். உறைபெட்டியில் வைத்துவிட்டேன்.

துஷியின் பிள்ளை கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வர நாள் எடுத்தது. வீட்டுக்கு வந்த கிழமை, பின்னேரம் ஒழுங்கையில் கார் நின்றது. இந்த முறை இறங்கினது புஷ்பம் இல்லை. தர்மர். வேட்டி கட்டி, சால்வை போட்டு, கையில் வெற்றிலைத் தட்டம். கறுப்புத் தோல் சப்பாத்து. வேலியடியில் நிற்காமல் சுற்றிக் கேற் கதவால் வந்து, சாணத்துக்குள்ளால் நடந்து, தொழுவத்துக்குள் வந்து நின்றான். அவனுடைய சப்பாத்து போன கதியை நான் ரசித்தேன் என்று சொல்லத்தான் வேண்டும். வாயைத் திறந்தான், மூடினான். நானும் வாளியைக் கீழே வைக்கவில்லை. பிறகு அவன் ஹில்டேயின் பக்கம் திரும்பினான்.

"ஹில்டே, பேத்தி பிறந்த தீட்டுக்கு முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிவு. அது ஆஸ்பத்திரியாலை தள்ளிப் போட்டுது. வாற ஞாயிற்றுக்கிழமை வைச்சிருக்கு. வீடு தேடி வந்து, வாயாலை சொல்லுறன்."

நான் வாளியைக் கீழே வைத்தேன். "ஹில்டே" என்றேன், "உன்ரை கடும்புப் பால் ஒரு போத்தல் என்ரை வீட்டிலை கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருவன், காய்ச்சி எல்லாருக்கும் குடுக்கச் சொல்லு." தர்மர் தட்டத்தை நீட்டினான். யாரிடம் நீட்டினான் என்று தெரியவில்லை. ஹில்டே நாக்கை நீட்டி வெற்றிலையைச் சுருட்டித் தின்றுவிட்டாள். தர்மர் வெறும் தட்டத்தைப் பார்த்தான், முதல்முறையாக என்னைப் பார்த்தான்.

"மச்சான், அவள் ஓம் எண்டிட்டாள். இனி நீ வராமல் இருக்கேலாது."

அந்த அம்புக்குறியை நான் இன்னும் மறக்கவில்லை, ஹில்டேயும் அந்தத் தூளின் கசப்பை மறந்திருக்கமாட்டாள், இருந்தாலும் யாரோ குழைத்து ஊட்டினதைத் தின்றுவிட்டு நாங்கள் இருவரும் எழும்பித்தான் நிற்கிறோம்.